நோயாளியின் படம் யாருடையது?

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம் ஒன்றைச் சேர்ந்த மீனவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் நுரையீரல் அழற்சியோடு எங்கள் வார்டில் சேர்க்கப்பட்டார். ஐம்பது வயதைக் கடந்தவர், உடலுழைப்பால் உரமேறியவர், அதுவரை மருத்துவமனைக் கட்டிலில் ஓர் இரவுகூடப் படுத்தறியாதவர். அவரைப் பற்றி இங்கே எழுதுவதற்கு அவரிடமே ஒப்புதல் பெற்றிருக்கிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியும் இருக்கிறேன். ஏன் இவ்வளவு முன்னெச்சரிக்கை என்பது கட்டுரையைப் படிக்கும்போது விளங்கும்.

சேர்ந்த இரண்டாம் நாள் இரவு அவருடைய பேச்சு குழம்பியது. கட்டிலின் பக்கக் கம்பியைப் படகின் விளிம்பு என்று எண்ணி இறுகப் பற்றிக்கொண்டார். வலை அறுகிறது, இழுங்கள் என்று இல்லாத தோழர்களை நோக்கிக் கத்தினார். கையில் செருகியிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். இடுப்புத் துணி நழுவியதையும் அவர் அறியவில்லை. செவிலியர் இருவர் அவரைத் தாங்கிப் பிடித்து அமர்த்த முயன்ற அந்த வேளையில், உடனிருந்த அக்காள் மகன் தம் கைப்பேசியில் நாற்பது விநாடி படம் எடுத்தார். அவருக்குத் தீய எண்ணம் சிறிதும் இல்லை. "மாமாவுக்கு ரொம்ப முடியல, எல்லாரும் வேண்டிக்குங்க" என்ற வரியுடன் உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்பினார். விடிவதற்குள் அது குப்பத்து இளைஞர் குழுவுக்குச் சென்றது. அங்கிருந்து ஏரியின் வடகரையில் ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஊர்களுக்கும் போயிற்று. போகும் வழியில் வேண்டுதல் வரி உதிர்ந்துவிட்டது. படம் மட்டும் பயணம் செய்தது.

ஆறாம் நாள் அவர் முழுத் தெளிவு பெற்றார். பத்தாம் நாள் வீடு திரும்பினார். மூன்று வாரம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தவர், மார்பு ஒலியைக் கேட்க நான் முதுகில் கருவியை வைத்தபோது, திரும்பாமலேயே கேட்டார்: "டாக்டர், எனக்குப் பைத்தியம் இல்லேன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுக்க முடியுமா?"

படகில் உடன் வருவோர் அவரை ஏற்றிக்கொள்ளத் தயங்கினர். நடு நீரில் மறுபடியும் அப்படி ஆனால் என்ன செய்வது என்பது அவர்களுடைய அச்சம். அதையும் குறை சொல்வதற்கில்லை. மகளுக்குப் பேசிவந்த வரன் வீட்டார் "பிறகு பார்க்கலாம்" என்று சொல்லிவிட்டனர். மருத்துவனாகப் பல ஆண்டு பணியாற்றியும் அத்தகைய சான்றிதழ் ஒன்றை நான் அதுவரை எழுதியதில்லை. அன்று எழுதினேன். இன்னொன்றையும் அவர் கேட்டார்: அந்தப் படத்தை அழிக்க வழி உண்டா என்று. அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

அவருக்கு அன்றிரவு நேர்ந்தது என்ன? மருத்துவத்தில் அதை டெலிரியம் என்போம். கடுங்குழப்ப நிலை என்று தமிழில் சொல்லலாம். அது மனநோய் அன்று. உடலில் ஏற்பட்ட ஒரு கேட்டினால் மூளையின் செயல் சில மணி நேரமோ சில நாட்களோ தடுமாறும் நிலை அது. அவருடைய குருதியில் சோடியம் என்னும் உப்பின் அளவு அன்றிரவு லிட்டருக்கு 114 மில்லிமோல். இயல்பான அளவு 135 முதல் 145 வரை. நுரையீரல் அழற்சியின்போது உடல் நீரை மிகுதியாகத் தேக்கிக்கொள்வதால் இந்த உப்பு நீர்த்துப் போவதுண்டு. அதை உடனே ஏற்றிவிடவும் முடியாது. ஒரு நாளில் 8 முதல் 10 அலகுக்கு மேல் உயர்த்தினால் மூளைத்தண்டின் நரம்பிழைகள் கெடக்கூடும். ஆகவே சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். குழப்பம் நீங்க நான்கு நாள் பிடித்தது இதனால்தான். சோடியம் ஏறியதும் மனிதர் பழையபடி ஆனார். நடந்தது எதுவும் அவருக்கு நினைவில்லை. ஊர் முழுவதும் பார்த்துவிட்ட ஒன்றை அவர் ஒருவர்தான் பார்க்கவில்லை. பின்னர் அதையும் யாரோ அவரிடம் காட்டினார்கள்.

இத்தகைய குழப்பம் அரிய செய்தியன்று. கடுங்காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, குருதியில் கரியமில வாயு மிகுதல், சர்க்கரை மிகவும் இறங்குதல், கல்லீரல் அல்லது சிறுநீரகச் செயலிழப்பு ஆகிய எதனாலும் வரலாம். நாள்தோறும் மது அருந்தியவர் மருத்துவமனையில் சேர்ந்து திடீரென்று நிறுத்தும்போது, இரண்டாம் மூன்றாம் நாளில் நடுக்கத்தோடும் பொய்த்தோற்றங்களோடும் வரும். இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்ட முதியவரிடம் அடிக்கடி காண்கிறோம். தீவிர சிகிச்சைப் பிரிவில் இது அன்றாடக் காட்சி. உங்கள் தந்தையோ தாயோ இரவில் திடீரென்று உங்களையே யாரென்று கேட்டால் அஞ்சிவிடாதீர்கள். உடனே செவிலியரை அழையுங்கள். மது அருந்தும் பழக்கம் இருந்தால், சேர்க்கும்போதே மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்களுடைய மூக்குக் கண்ணாடி, காதுக் கருவி இருந்தால் அணிவியுங்கள். விளக்கு ஒன்று எரியட்டும். "நான்தான், உங்க மகள், நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்க, இப்போ ராத்திரி" என்று தாழ்ந்த குரலில் மீண்டும் மீண்டும் சொல்லுங்கள். பழகிய குரல் பெருந்துணையாக இருக்கும். அந்த நேரத்தில் உங்கள் இரு கைகளுக்கும் வேலை இருக்கிறது. ஒரு கையில் கைப்பேசி இருந்தால் அந்த வேலை பாதியாகிவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். படமே எடுக்கக்கூடாது என்று நான் கூறவில்லை. வலிப்பு வரும்போது எடுத்த ஒரு நிமிடக் காணொளி, உறவினர் அரை மணி நேரம் விவரித்தாலும் கிடைக்காத செய்தியை எங்களுக்குத் தரும். எந்தக் கை முதலில் துடித்தது, கண் எப்பக்கம் திரும்பியது என்பவை நோயறிதலையே மாற்றும். உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வருவது, குழந்தையின் இருமல் ஒலி, வந்து மறையும் கைந்நடுக்கம் ஆகியவையும் அவ்வாறே. நோயாளி கீழே விழாதபடி காத்துவிட்டு, இன்னொருவர் இருந்தால் அவர் எடுக்கட்டும். மருத்துவரிடம் உங்கள் கைப்பேசியிலேயே காட்டுங்கள். பயன் முடிந்ததும் அழித்துவிடுங்கள். மருத்துவருக்காக எடுத்த படம் மருத்துவரைத் தாண்டிப் போவதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

"ஊருக்குத் தெரியாத நோயா?" என்று உறவினர்கள் கேட்பார்கள். கேள்வியில் உண்மை இருக்கிறது. ஏரிக்கரைக் குப்பங்களில் வீட்டுக்கு வீடு சுவர்தான் இடைவெளி. ஒருவர் காலையில் படகுக்கு வரவில்லை என்றால் நண்பகலுக்குள் காரணம் எல்லார்க்கும் தெரிந்துவிடும். கஞ்சி கொண்டுவந்து தருவதும், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதும், ஆட்டோவுக்குப் பணம் திரட்டுவதும் அப்படித் தெரிவதால்தான் நடக்கின்றன. நகரத்து அடுக்ககத்தில் ஒருவர் மூன்று நாள் காய்ச்சலில் கிடந்தாலும் எதிர்வீட்டார் அறியாமலிருப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆகவே, நோயை ஒளித்து வையுங்கள் என்று ஏரிக்கரை மக்களிடம் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

ஆனால் வாய்ச்சொல்லாகப் பரவும் செய்திக்கும் படமாகப் பரவும் செய்திக்கும் வேறுபாடு உண்டு. வாய்ச்சொல்லைக் கேட்பவர் நோயாளியை முன்பே அறிந்தவர். முப்பது ஆண்டுகளாக அவர் எப்படிப்பட்டவர் என்று கண்டவர். சொல்பவரும், "இப்போ பரவாயில்லையாம்" என்று மறுநாள் சேர்த்துச் சொல்வார். மழைக்காலம் முடிவதற்குள் ஊர் அதை மறந்தும்விடும். படமோ அவரை அறியாதவர்களிடம் போகிறது. அவர்களுக்கு அந்த நாற்பது விநாடிதான் முழு மனிதர். அவர் நலம் பெற்ற செய்தி அதன் பின்னால் போவதில்லை.

பழவேற்காட்டில் பாடு என்றொரு முறை வழிவழியாக உண்டு. ஏரியில் மீன் படும் இடங்களை முறைவைத்துச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். ஒருவருடைய முறை நாளில் அவருடைய பாட்டில் மற்றவர் வலை இறக்கமாட்டார். நம் மீனவர் தம் மனக்குறையைச் சொல்லும்போது அந்தச் சொல்லையே எடுத்தாண்டார்: "என் பாட்டுல ஊரே வந்து வலை போட்டுடுச்சு டாக்டர்." தனியுரிமை என்ற சொல்லுக்கு நான் படித்த எந்த விளக்கத்தைக் காட்டிலும் இது எனக்குப் பொருத்தமாகப் பட்டது. ஏரி பொதுவானதுதான், அதற்காக இன்னாருடைய இடம் என்று ஒன்று இல்லாமற் போவதில்லை.

இதே பழவேற்காட்டில் நிகழ்ந்த இன்னொன்றையும் எழுதாமல் இக்கட்டுரையை முடிக்க இயலாது. நோயுற்றிருப்போர் படிக்கும் இதழில் இதை எழுதலாமா என்று தயங்கினேன். ஆயினும் இது ஒரு நோயாளியைப் பற்றியதும் ஆகும்.

2018-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில் தமிழகத்தின் வட மாவட்டங்களில், பிள்ளை பிடிப்போர் ஊடுருவியிருக்கிறார்கள் என்ற குரல் பதிவுகளும் படங்களும் வாட்ஸ்அப்பில் பரவின. மே 9 அன்று பழவேற்காட்டில் சுற்றித்திரிந்த ஒருவரைக் கூட்டம் ஒன்று சூழ்ந்துகொண்டது; அடித்தது; பாலத்தில் தொங்கவிட்டது. அவர் இறந்தார். மனநலம் பாதிக்கப்பட்டவராகத் தோன்றிய அவர் யார் என்பதுகூட அப்போது எவருக்கும் தெரியவில்லை. அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூருக்கு அருகே, குலதெய்வக் கோயிலைத் தேடிச் சென்ற சென்னையைச் சேர்ந்த முதிய பெண்மணி ஒருவர், வழியில் கண்ட குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததால் ஐயத்துக்கு ஆளாகி அடித்துக் கொல்லப்பட்டார். அவ்வாரத்துத் தாக்குதல்களின் காணொளிகளும் கைப்பேசிகளில் சுற்றின.

பழவேற்காட்டு மக்களைப் பழிப்பதற்காக இதை நினைவூட்டவில்லை. அவர்களில் பலர் என் நோயாளிகள். பிள்ளைகளைப் பற்றிய அச்சம் எந்தப் பெற்றோரையும் கண் மறைக்கும். மருத்துவனாக என் நெஞ்சில் தைத்தது வேறொன்று. நீ யார், எந்த ஊர் என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாத நிலையில் இருப்பவர் எங்கள் வார்டிலும் இருக்கிறார், தெருவிலும் இருக்கிறார். நாற்பது விநாடிக் காணொளியில் கண்ட நம் மீனவர், அந்த இரவில் வழிதவறி முன்பின் அறியாத ஓர் ஊருக்குள் நுழைந்திருந்தால் அவராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

அந்த ஆண்டு இந்தியாவெங்கும் பரவிய காணொளிகளுள் ஒன்று, இருசக்கர வண்டியில் வரும் இருவர் தெருவில் விளையாடும் குழந்தையைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக நடித்து எடுக்கப்பட்ட படம் அது. இறுதியில் அவர்கள் குழந்தையைத் திரும்ப இறக்கிவிட்டு அறிவிப்பு அட்டை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தப் பகுதியை மட்டும் யாரோ வெட்டிவிட்டார்கள். மருத்துவமனைப் படங்களுக்கும் இதுவே நேர்கிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து தேநீர் கேட்கும் பகுதியை யாரும் படம் பிடிப்பதில்லை.

அந்நிகழ்வுகளுக்குப் பின், 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் முன்னனுப்பப்பட்ட செய்தி என்ற குறியீட்டைக் கொண்டுவந்தது. இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாதவாறு வரம்பும் விதித்தது. கொரோனா காலத்தில், 2020 ஏப்ரலில், பலமுறை கைமாறிய செய்திகளை ஒருமுறைக்கு ஓர் உரையாடலுக்கு மட்டுமே அனுப்பலாம் என்று இறுக்கியது. நல்லதுதான். எனினும் ஐந்து குழுக்களில் குழுவுக்கு இருநூறு பேர் என்றாலும் ஆயிரம் பேர்.

கைப்பேசியைப் பற்றிச் சில உண்மைகளை உடனிருப்போர் அறிந்திருப்பது நலம். வாட்ஸ்அப் செய்தி மறையாக்கம் செய்யப்பட்டது என்பர். வழியில் யாரும் திறந்து படிக்க முடியாது என்பதே அதன் பொருள். பெற்றுக்கொண்டவர் அதை என்ன செய்வார் என்பதற்கு அது காவல் இல்லை. எல்லாரிடத்திலும் அழிக்கும் வசதி ஏறத்தாழ இரண்டரை நாட்கள் வரைதான் செல்லும். அதற்குள் ஒருவர் வேறிடத்துக்கு அனுப்பியிருந்தாலோ, திரையைப் படம் பிடித்திருந்தாலோ, அந்தப் படி அழியாது. பலருடைய கைப்பேசியில் வரும் படங்கள் தாமாகவே படத்தொகுப்பில் சேமிக்கப்படுகின்றன. ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் மறைந்துவிடும் என்று எண்ணி வைப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்.

மருத்துவ அறிக்கைகளைப் படமெடுத்து அனுப்பும் வழக்கம் மிகுந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் மகனுக்கு அனுப்புவதில் தவறில்லை. ஆனால் அந்தத் தாளில் பெயர், வயது, தொலைபேசி எண், மருத்துவமனைப் பதிவு எண் எல்லாம் இருக்கும். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டையிலோ குடும்பத்தார் பெயர்கள் இருக்கும். ஆதார் எண்ணையும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து, "உதவி தேவை" என்று குழுவில் போட்டுவிடுகிறார்கள். ஏமாற்றுவோருக்கு இதைவிட வசதி வேறு வேண்டாம். அறுவைச் செலவுக்குப் பணம் திரட்டும் நிலை வந்தால், முதலில் எங்கள் மருத்துவ சமூகப் பணியாளரைப் பாருங்கள். காப்பீட்டுத் திட்டத்திலேயே அந்தச் சிகிச்சை அடங்கியிருப்பதைப் பின்னர் அறிந்து வருந்தியவர்களைக் கண்டிருக்கிறேன். வேண்டுகோள் விடுத்தே ஆகவேண்டுமெனில் நோயாளியின் முகத்தையும் புண்ணையும் தவிர்த்து எழுதலாம். குழந்தையின் படத்தைப் போடுவதற்கு முன், அதே குழந்தை பதினாறு வயதில் அதைக் கண்டால் என்ன நினைக்கும் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

"அவசரம், இரத்தம் தேவை" என்ற செய்திகளும் அப்படித்தான். நாள் குறிப்பிடாமல் தொலைபேசி எண்ணுடன் அனுப்பப்பட்ட செய்தி ஆண்டுக்கணக்கில் சுற்றும். மனைவியை இழந்த ஒருவர் என்னிடம் சொன்னார்: அவர் இறந்து இரண்டாண்டு கழித்தும் "இரத்தம் கிடைத்துவிட்டதா?" என்று யாரேனும் அழைக்கிறார்களாம். அழைப்பவர் நல்லவர், கேட்கும் கேள்வியும் நல்லது. எடுப்பவரின் நிலைதான் சொல்லத் தரமன்று. இரத்தம் தேவைப்பட்டால் இரத்த வங்கியை அணுகுங்கள். செய்தி அனுப்பினால் நாளையும் நேரத்தையும் எழுதுங்கள். தேவை நிறைவேறியதும் நிறைவேறியது என்று மறுசெய்தி அனுப்புங்கள்.

காசநோயைப் பற்றித் தனியே எழுத வேண்டியிருக்கிறது. தலையில் கூடை வைத்து மீன் விற்கும் பெண்மணி ஒருவரின் சளிப் பரிசோதனை அறிக்கை, மருந்து எப்போது உண்பது என்று கேட்பதற்காக ஒரு குழுவில் இடப்பட்டது. இட்டவர் நெருங்கிய உறவினரே. அடுத்த வாரம் அவருடைய வாடிக்கை வீடுகள் கதவைத் திறக்கவில்லை. காசநோய் மீனால் பரவுவதில்லை, தொடுவதால் பரவுவதில்லை, கூடையால், தட்டால், துணியால் பரவுவதில்லை. நுரையீரலில் காசநோய் உள்ளவர் இருமும்போது காற்றில் கலக்கும் கிருமியால் பரவுகிறது. மருந்துக்குக் கட்டுப்படும் வகையாயின், முறையாக மருந்து தொடங்கிய சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை பெரிதும் குறைந்துவிடும். இதையெல்லாம் வாடிக்கையாளர்களிடம் விளக்க அவருக்கு வாய்ப்பே தரப்படவில்லை. அதைவிடத் தீங்கானது, பேருக்கு அஞ்சி அவர் மருந்து வாங்க வருவதை நிறுத்தியது. இடையில் மருந்தை நிறுத்தினால் கிருமி மருந்தை வெல்லப் பழகிக்கொள்ளும். ஒரு படம் பகிரப்பட்டதன் விளைவு இவ்வாறு நுரையீரல் வரைக்கும் இறங்குகிறது. நல்வேளையாக, எங்கள் சுகாதாரப் பணியாளர் ஒருவர் அவரைத் தேடிச் சென்று மீண்டும் அழைத்துவந்தார்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். காசநோயை அரசுக்குத் தெரிவிக்கிறீர்களே, அது மட்டும் சரியா என்று சிலர் கேட்பதுண்டு. காசநோய் 2012 முதல் இந்தியாவில் கட்டாயமாக அறிவிக்க வேண்டிய நோய். அந்தப் பதிவு, மருந்தும் ஊட்டச்சத்து உதவித்தொகையும் உங்களைச் சேர்வதற்கும், வீட்டிலுள்ள குழந்தைகளைப் பரிசோதிப்பதற்கும் பயன்படுகிறது. அறிய வேண்டியவர், அறிய வேண்டிய காரணத்துக்காக, அறிய வேண்டிய அளவுக்கு அறிவது அது. குழுவில் இடுவது அத்தகையதன்று.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். தனியுரிமை அடிப்படை உரிமையே என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில் இயற்றப்பட்ட மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறும் மனநோயாளியின் படத்தையோ விவரத்தையோ அவருடைய ஒப்புதலின்றி ஊடகங்களுக்குத் தரக்கூடாது என்கிறது. எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் நிலையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிடுவதற்கும் அதே ஆண்டுச் சட்டம் ஒன்று தடை விதித்திருக்கிறது. மருத்துவர்களாகிய எங்களுக்கு 2002-ஆம் ஆண்டின் நன்னடத்தை விதிகள் உண்டு. அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தை அவருடைய அனுமதியின்றி இதழ்களில் வெளியிடக்கூடாது. 2023-இல் இயற்றப்பட்ட தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டம் மருத்துவமனைகள், நிறுவனங்கள் ஆகியவற்றின் பொறுப்புகளை வரையறுக்கிறது. ஆனால் ஒருவர் தம் சொந்த, குடும்பத் தேவைக்காகத் தரவைக் கையாள்வதை அச்சட்டம் தன் எல்லைக்குள் கொண்டுவரவில்லை. எனவே உறவினர் தம் குடும்பக் குழுவுக்குப் படம் அனுப்பும்போது, அந்த நேரத்தில் நோயாளிக்கு இருக்கும் காவல் உறவினரின் மனம் ஒன்றுதான்.

உறவினர்களை மட்டும் சொல்லி நாங்கள் தப்பித்துக்கொள்ளக் கூடாது. பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறிடத்தில் பணியாற்றியபோது, கடினமான மார்பு எக்ஸ்ரே ஒன்றைப் பற்றிக் கருத்துக் கேட்பதற்காக மருத்துவர் குழு ஒன்றுக்கு அனுப்பினேன். மூலையில் நோயாளியின் பெயர் இருந்ததை நான் கவனிக்கவில்லை. பத்து நிமிடத்தில் ஒருவர் தனியே எழுதினார்: "இவர் எங்கள் தெருக்காரர் ஆயிற்றே." உடனே அழித்தேன், மறுநாள் அந்த நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார். எனக்குத்தான் பல நாள் உறக்கம் கெட்டது. அன்றிலிருந்து பெயரை மறைக்காமல் எதையும் அனுப்புவதில்லை. எங்கள் பணியாளர் எவரேனும் உங்கள் ஒப்புதலின்றி உங்களைப் படமெடுத்தால், ஏன், எதற்கு, யாருக்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. மறுத்தால் உங்கள் சிகிச்சையில் ஒரு மாற்றும் வராது. அதைப் போலவே உங்கள் படத்தில் பக்கத்துக் கட்டிலில் இருப்பவர் விழுகிறாரா என்பதையும் பாருங்கள். அவர் ஏன் இங்கே இருக்கிறார் என்பதைத் தம் வீட்டாரிடமே சொல்லாதவராக இருக்கலாம்.

நினைவோடு இருக்கும் நோயாளியிடம் கேட்டுவிடலாம்: "அப்பா, அண்ணனுக்கு உங்க படம் ஒண்ணு அனுப்பட்டுமா?" பெரும்பாலோர் தலையைச் சீவிக்கொண்டு சரி என்பார்கள். நினைவின்றி இருப்பவரிடம் கேட்க இயலாது. கருவியின் மூச்சில் இருப்பவரும், குழப்பத்தில் இருப்பவரும், மறதி நோயுள்ள முதியவரும், கைக்குழந்தையும் மறுக்கமாட்டார்கள். மிகுதியாகப் படமெடுக்கப்படுபவர்களும் இவர்களே என்பதை வார்டில் நாள்தோறும் காண்கிறேன். அறுவைக்கு ஒப்புதல் கையொப்பமிடும்போது நீங்கள் அவருக்காகத் தீர்மானிக்கிறீர்கள். அவர் உயிர் பிழைக்க அது தேவை. படத்தைப் பகிர்வதற்கு அத்தகைய தேவை எதுவும் இல்லை. அவர் எழுந்து சொல்லும்வரை காத்திருக்கலாம். உறவினருக்குச் செய்தி சொல்ல எழுத்து போதும்: "காய்ச்சல் குறைகிறது, இரவு சற்றுக் குழப்பம் இருந்தது, மருத்துவர் அது சரியாகிவிடும் என்கிறார்." இதைப் படிப்பவர் வேண்டிக்கொள்வதற்கு வேறு எதுவும் தேவைப்படாது.

ஏற்கெனவே அனுப்பிவிட்டவர்கள் இன்றே அழிக்கலாம். பெற்றவர்களையும் அழிக்கச் சொல்லலாம். உடலை இழிவாகக் காட்டும் படம் பரவினால் தேசிய இணையக் குற்றத் தளத்திலோ அருகிலுள்ள காவல் நிலையத்திலோ புகார் செய்யலாம். அறிக்கை அல்லது வங்கி விவரம் வெளியாகிப் பணம் பறிபோனால், நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். இவற்றால் மனம் சோர்ந்து உறக்கம் இழந்தவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

நம் மீனவரின் அக்காள் மகன் மூன்றாம் மறுபரிசோதனைக்கு உடன் வந்தார். குனிந்த தலையுடன் நின்றார். வீடு வீடாகப் போய்க் கைப்பேசியை வாங்கி, தாமே அழித்துக் கொடுத்திருக்கிறார். பெரும்பாலோர் மறுப்பின்றிக் கொடுத்தார்களாம். வடகரையில் யாரிடம் எல்லாம் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியவில்லை. மாமனை அவருடைய தம்பியே தம் படகில் ஏற்றிக்கொண்டுவிட்டார். நான் எழுதிய சான்றிதழை வரன் வீட்டாரிடமும் காட்டியிருக்கிறார்கள். அன்று எடுத்த சோதனையில் சோடியம் 138.

இந்தக் கட்டுரையைப் பற்றி அவரிடம் சொன்னபோது சிறிது நேரம் யோசித்துவிட்டு, எழுதுங்கள் என்றார். குப்பத்தின் பெயரை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.